நான் செடி, அவர் கட்டடம்

எங்கள் தெருவைப் புள்ளிகளாக மாற்றிய மறுநாள் காலையில் நான் செடியாகப் பதிவாகியிருந்தேன். நடுத்தர உயரச் செடி. எங்கள் வீட்டுக்காரர் கட்டடம் ஆகியிருந்தார்.

பதறாதீர்கள் கண்ணுகளா. வலியெல்லாம் இல்லை.

நடந்தது இதுதான். மூன்று கால் வைத்த ஒரு கருவியைத் தெரு நடுவில் நிறுத்தினார்கள். அது மூன்று நிமிஷத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும். சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். ஒளி பட்டதெல்லாம் புள்ளி புள்ளியாகி ஓர் அலுவலகத்துக் கணினித் திரைக்குள் போய்விடும். போய்விட்டது. பழைய தெருவைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது திரையில்தான் குடியிருக்கிறோம். தண்ணீர் முன்பு போலவே ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. புள்ளி புள்ளியாக வருகிறது.

தப்பு என்னுடையது. கருவி சுற்றும்போது யாரும் அசையக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நானும் அசையாமல்தான் நின்றேன். ஆனால் கருவிக்காரர் ஞானதுரை வெயிலில் நிற்கிறார். மீசை நரைத்த மனிதர். வாசலுக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்காமல் எப்படி இருப்பது? டம்ளரோடு போனேன். அவர் ஒளியில் படாமல் இருக்கக் கருவிக்குப் பின்னாலேயே சுற்றி நடந்தார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

"குடிச்சிட்டுச் சுத்துங்களேன்" என்றேன்.

எனக்கு முழங்கால் வலி. பின்தங்கிவிட்டேன். ஒளி என்னை ஏழு இடத்தில் பிடித்தது.

வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். கருவிக்காக அவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதனால் திரையில் நான் ஏழு பேர். ஏழு பேரும் மெல்லிசு. ஏழு கையிலும் ஏழு டம்ளர். மோர் மட்டும் ஒன்றில்தான் இருந்தது.

அவர் ஒரே ஆள். கெட்டி. காலையில் அவருக்குக் கதவு எண் அடித்தார்கள். பத்து மணிக்கு அவர் நெற்றியில் 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதினார்கள். பத்தேகாலுக்கு அதன் மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நோட்டீஸைப் படித்தேன். நாலு மணிக்கு மேலிடத்துப் பெரியவர் ஒருவர் திரையைப் பார்வையிட வருகிறார். அவருக்குக் கட்டடங்கள் மட்டும் போதும். ஆகவே திரையில் செடி, கட்டடம் என்று பிரித்து வைத்திருக்கும் அடுக்குகளில் நாலு மணிக்குச் செடி அடுக்கின் டிக் எடுக்கப்படும். டிக் எடுத்தால் அந்த அடுக்கில் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள். மறுபடி டிக் போடுவது பற்றி நோட்டீஸில் ஒரு வார்த்தையும் இல்லை.

மறைந்து போவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நான் நாலடி பத்தங்குலம். கல்யாணப் போட்டோக்களில் எப்போதும் யாராவது ஒருவருடைய தோள்தான் நான். என் பயம் வேறு. நான் போனதை அவர் கவனிக்காமலே இருந்துவிட்டால்?

"ஏங்க, நாலு மணிக்கு மேல நான் இருக்க மாட்டேன் போல" என்றேன். ஏழு பேராகச் சொன்னோம்.

கட்டடம் பதில் சொல்லவில்லை. அது கட்டடம் ஆவதற்கு முந்தைய பழக்கம்தான்.

அலுவலகம் தெரு முனையில். புறப்பட்டேன். யாரோ திரையைப் பெரிதாக்கினார்கள். தெரு நீண்டுகொண்டே போயிற்று. யாரோ சிறிதாக்கினார்கள், ஒரே எட்டில் அலுவலகத்தைத் தாண்டிவிட்டேன். திரும்பி வந்தேன். புள்ளியின் அளவை ஏற்றினார்கள். சைக்கிளில் எதிரே வந்த பால்காரர் எலுமிச்சம்பழக் குவியல் ஆகி, "சொகமா ஆச்சி?" என்று கேட்டபடி உருண்டு போனார். உயரத்துக்குத் தக்க நிறம் என்று மாற்றினார்கள். எல்லாருக்கும் கால் நீலம், தலை சிவப்பு. எனக்கு மஞ்சளோடு நின்றுவிட்டது. சிவப்பு எட்டவில்லை. பிறகு தெருவைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.

அலுவலகத்தில் ஞானதுரை மட்டும் இருந்தார். பக்கத்தில் அந்த மூன்று கால் கருவி, முன்னால் ஒரு திரை. அதில் நாங்கள் எட்டுப் பேரும் தெரிந்தோம்.

"வாங்க ஆச்சி. ஏழு டோக்கன் எடுத்துக்கிடுங்க."

"நான் ஒருத்திதான்யா."

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலியே."

ஏழு பேரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னோம். எனக்கே தலை வலித்தது. இத்தனை வருஷமாக என் கதைகளைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் உங்களை நினைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

"என்னையக் கட்டடத்துல சேக்கணும்."

"நீங்க செடில்லா?"

"எத வச்சுச் சொல்லுதீய?"

"ஆடுனா செடி. ஆடாட்டா கட்டடம்."

"மனுசங்க?"

அவர் பட்டியலைப் பார்த்தார். தரை, செடி, கட்டடம், உதிரி. இன்னொரு முறை பார்த்தார்.

"மனுசங்களுக்குன்னு ஒண்ணும் போடல ஆச்சி. இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கல."

"உதிரின்னா?"

"எதுலயும் சேராத புள்ளி. தூசி, பறக்கிற காக்கா. அதுக்கு டிக்கே கிடையாது. நாங்களே பாக்கதில்ல."

ஒரு படிவம் கொடுத்தார். நான் செடி இல்லை என்பதற்கான படிவம். முதல் கேள்வி: இலைகளின் எண்ணிக்கை. இல்லை என்று எழுதினேன். இரண்டாவது கேள்வி: இலைகள் உதிர்ந்த காரணம். வயது என்று எழுதினேன்.

"சரி. மூணு நிமிசம் ஆடாம, பேசாம நில்லுங்க. திரும்ப எடுக்கேன்."

"பேசாமலா?"

"பேசுனா தாடை ஆடும்லா?"

மணி மூன்று ஐம்பத்தேழு.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. தூக்கத்தில்கூட நான் மூன்று நிமிஷம் சேர்ந்தாற்போல் வாயை மூடியதில்லை என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

ஏழு பேரும் இட்லித் தட்டு மாதிரி ஒருத்தி மேல் ஒருத்தியாகப் பொருந்தி நின்றோம். கருவி சுற்ற ஆரம்பித்தது.

முதல் நிமிஷத்தில் முழங்கால் வரை கெட்டியானேன். வலி நின்றது. இரண்டாவது நிமிஷத்தில் ஞானதுரை இருமினார். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் என் தொண்டை வரை வந்தன. விழுங்கினேன். கழுத்து வரை கெட்டியானேன். தலையில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கதவு எண்ணை எங்கே அடிப்பார்கள் என்று யோசித்தேன்.

மூன்றாவது நிமிஷத்தில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

அவர் வந்தார். நெற்றியில் நோட்டீஸோடு, வெறுங்காலில் வந்தார். நடந்ததில் கலைந்து போயிருந்தார். வாசலில் ஒருத்தர், மேஜையருகே ஒருத்தர், என் முன்னால் ஒருத்தர். மூன்று பேரும் மெல்லிசு.

"அண்ணாச்சி, ஆடாதீங்க! நீங்க கட்டடம்!" என்று ஞானதுரை கத்தினார். திரையைப் பார்த்தார். "போச்சு. செடியாயிட்டீங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஏட்டி" என்றார்.

காப்பி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாலு மணிக் காப்பி.

"மூணு நிமிசமாச் சத்தத்தையே காணுமே" என்றார். "என்னமோ ஏதோன்னு வந்தேன்."

தெரு முனையில் நான் பேசுவது வீடு வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரியாது.

கருவியில் ஐந்து வினாடி பாக்கி. வாயைத் திறக்காமல் இருந்தால் நான் கட்டடம். அவர் செடி. நாலு மணிக்கு மறைந்து போவது அவர்.

நான்கு.

மூன்று.

"செருப்புப் போடாமலா வந்தீய?" என்றேன்.

தாடை ஆடிற்று. புறா பறந்தது. கையை நீட்டி அவர் நெற்றியிலிருந்த நோட்டீஸைக் கிழித்தேன். ஏழு பேரும் மறுபடி பிரிந்தோம்.

ஞானதுரை தலையில் கை வைத்தார்.

"ரெண்டு பேரும் பாதி செடி, பாதி கட்டடம். எதுலயும் சேராது. உதிரிலதான் போடணும்."

"போடுங்க."

"அங்க யாரும் பாக்க மாட்டாங்க ஆச்சி."

"பரவால்ல. கேக்க ஆள் இருக்கு."

மணி நாலு. செடியின் டிக்கை எடுத்தார். வேப்பமரம் போயிற்று. பால்காரர் போனார். சைக்கிள் மணி மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பெரியவர் வந்தார். நாங்கள் பத்துப் பேரும் அவருக்கு எதிரேதான் நின்றோம். எங்களுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்தோம். யாரோ திரையைப் பெரிதாக்கியிருந்தார்கள். தெரு நீண்டுகொண்டே போயிற்று. நல்லதுதான். மூன்று நிமிஷப் பேச்சு எனக்குப் பாக்கி இருந்தது.

நேற்றைய மோர் அப்படியே டம்ளரில் இருந்தது. அவரிடம் கொடுத்தேன். ஒரு டம்ளர் மூன்று பேருக்குப் போதவில்லை. ஆனாலும் மாற்றி மாற்றிக் குடித்தார்.

"உப்பு கூடிப்போச்சு" என்றார்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.