திரையில் அக்காவின் வரிசை

மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்துவதற்குள் அக்காவின் வரிசை மட்டும் சிவப்பாகிவிட்டது. சுவரில் புதிதாக மாட்டிய திரையில் மற்ற எல்லாரும் பச்சை. ஆபீஸ் அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பை தைக்கும் அந்தச் சின்னப் பட்டறைக்கு அவள்தான் முதலாளி. அக்கா அங்கே தைப்பவர்களில் ஒருத்தி. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். காலையில் ஒன்றாகத்தான் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

அந்தத் திரையை ஓட்டும் சாஃப்ட்வேர் அவள் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. எந்தப் பையை யார் தைத்தது, தேறியதா திரும்பியதா என்பதெல்லாம் தங்கள் ஆபீஸிலிருந்தே தெரிய வேண்டும், முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பைகளை மொத்தமாக எடுக்கும் கம்பெனி சொல்லிவிட்டது. அவர்களை விட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். ஆகவே ஆளுக்கொரு கட்டு பார்கோடு ஸ்டிக்கர் வந்தது. தைத்த பையில் அவரவர் ஸ்டிக்கரை ஒட்டிச் செக்கிங்குக்கு அனுப்ப வேண்டும்.

"என் வீட்டுக்காரரே என்னை இவ்வளவு கவனிச்சதில்லடி" என்று காலையில் திரையைப் பார்த்து 'ரேடியோ' சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், அக்கா உட்பட. வாய் ஓயாததால் அந்தத் தையல்காரிக்கு அப்படியொரு பெயர்.

"அந்த ஒரு வரிசை தப்பாக் காட்டுது பாரும்மா" என்றாள் தங்கை, சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுக்க வந்திருந்த பெண்ணிடம்.

அவள் தட்டிப் பார்த்தாள். "தப்பில்ல மேடம். அவங்க பை எல்லாமே செக்கிங்ல திரும்பியிருக்கு. ஒண்ணுகூடத் தேறல."

தங்கை செக்கிங் மேஜைக்குப் போய்க் கூடையைக் கிளறினாள். ஒரு பையில் தையல் துணியின் ஓரத்தை விட்டு எங்கேயோ ஓடியிருந்தது. இன்னொன்றில் தோள்வார் தலைகீழ். மூன்றாவதில் நூலே இல்லை. ஊசி குத்திய துளைகள் மட்டும் வரிசையாக, அவ்வளவு நேராக இருந்தன.

பின்னால் ரேடியோ வந்து நின்றாள். அவளுக்கு இவ்வளவு மெல்லிய குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

"ரொம்ப நாளாவே இப்படித்தாங்க மொதலாளி. கண்ணுல நடுவுல இருட்டாம், ஓரமாத்தான் தெரியுதாம். டாக்டர் கைய விரிச்சுட்டாராம். கைப்பழக்கத்துல ஓட்டிடறேன்னு நெனச்சுட்டிருக்காங்க. அவங்க தெச்சத நாங்கதான் பிரிச்சுத் தெச்சு வெப்போம். முன்னாடி எல்லாம் ஒரே குவியல், யாருக்குத் தெரியும்? இப்ப சீட்ட விட்டு எந்திரிச்சாலே போர்டுல ஏறுது."

"எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சோம். ஒரே வீட்டுலதான இருக்கீங்க?"

தங்கை கையிலிருந்த பையைக் கூடையில் போட்டாள். கொஞ்ச காலமாக அக்கா பேசும்போது இவள் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கோ ஓரமாகப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். தன்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று எண்ணி, இவளும் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வீம்புக்குப் பேசாமல் இருந்த சாயங்காலங்கள் எத்தனை!

ஆபீஸ் அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். "அவங்கள தையல்ல இருந்து எடுத்துட்டு, ஆளு மட்டும் இருக்கற மாதிரி போட முடியுமா?"

"என்ன வேலைன்னு போடணும் மேடம். காலியா விட்டா சேவ் ஆகாது."

கட்டிங், செக்கிங், பேக்கிங், மேற்பார்வை. எல்லாவற்றுக்கும் கண் வேண்டும்.

"வேலைய விட்டுட்டாங்கன்னு போட்டா எடுத்துக்கும். இப்படியே இருந்தா நாளைக்கே கம்பெனியிலருந்து போன் வரும் மேடம்."

அதற்குள் கதவு திறந்தது. அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குட்டி, போர்டுல என் பேருக்கு நேரா என்ன வந்திருக்கு? கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கறா."

"நல்லாத்தான் இருக்குக்கா."

"பச்சையா, சிவப்பா?"

"பச்சை."

அக்காவின் தோள்கள் தளர்ந்தன. "அப்பாடா! காலையிலருந்து இதே நெனப்பு போ" என்று சிரித்துக்கொண்டே, சுவரை லேசாகத் தொட்டபடி தன் மெஷினுக்குப் போனாள்.

சொல்லிக்கொடுக்க வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மௌஸ்மேல் இருந்த அவள் விரல் அசையவில்லை. தங்கை கதவை மறுபடி சாத்திவிட்டு, "வேலைய விட்டுட்டாங்கன்னே போட்டுடும்மா" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தாள். தெருமுனை தாண்டியது, மருந்துக்கடை தாண்டியது. அக்காதான் பேசிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடலாம் குட்டி. கூட ரெண்டு பை தெச்சிடுவேன்."

பெரிய சாலையில் வண்டிகள் நின்றன. காத்திருந்த கூட்டம் கடக்கத் தொடங்கியது. தங்கை நகரவில்லை. ஓரடி பின்னால் அக்காவும் நின்றாள், இவள் செருப்புச் சத்தம் எப்போது கிளம்பும் என்று காதைக் கொடுத்தபடி. இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.