பெரிய சிஸ்டர் எழுதிய நாற்பது பக்கம்

குழு போட்டால் விடிவு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கத்தான் இருக்கிறார்கள். ஆண்கள் வார்டின் பெரிய சிஸ்டர் அப்படிப்பட்ட ஆள். அதிலும் மருத்துவச் சீர்திருத்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவள், நர்சிங் படித்த காலத்தில் தன்னோடு ஒரே அறையிலும் பிறகு இதே வார்டிலும் இருந்த வாயாடி என்றால் கேட்கவா வேண்டும்!

"நர்ஸுங்க நிஜமா என்னென்ன செய்யறாங்கன்னு உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுடி. அதை உங்க உரிமையாவே ஆக்கிக் காட்டறேன்" என்றாள் வாயாடி.

பெரிய சிஸ்டருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மூச்சுத் திணறுகிறவன் டாக்டர் வரும்வரை காத்திருக்க மாட்டான். டாக்டரோ போனை எடுக்க மாட்டார். இவள் ஊசியைப் போட்டுவிடுவாள். அவர் சாவகாசமாக வந்து, தானே சொல்லிப் போட்டதுபோல் கையெழுத்திடுவார். எல்லா வார்டிலும் இதே கதைதான். ஏடாகூடமாக ஏதாவது ஆனால் மாட்டுவது மட்டும் நர்ஸ். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு ஊசியையும் அவள் பயந்துகொண்டேதான் போட்டாள். ஓய்வு பெறுவதற்குள் ஒரு நாளாவது பயப்படாமல் போட வேண்டும் என்று ஆசை. தான் போட்ட ஊசிகளை மட்டும், தேதி, படுக்கை எண்ணோடு, நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

உத்தரவு வந்தது. தகுதிச் சான்று பெற்ற நர்சுகள் அவசர மருந்தைத் தாங்களே கொடுக்கலாம்! வார்டே கைதட்டியது. பெரிய சிஸ்டர் வாயெல்லாம் பல்லாக அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

இதற்கு முன் டாக்டர் சொல்லாமல் மருந்து கொடுத்தவர்களுக்குச் சான்று கிடையாது. அவர்கள்மேல் விசாரணை உண்டு. ஆதாரமாக அவளுடைய நாற்பது பக்கமும் இணைப்பில் இருந்தது. பெயரை மட்டும் மை பூசி மறைத்திருந்தார்கள், புண்ணியவான்கள். அந்தக் கோழிக்கிறுக்கல் யாருடையது என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவள் வாயாடிக்குப் போன் போட்டாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"டாக்டருங்க ஒத்துக்கவே இல்லடி. பழசுக்கு யாராவது பதில் சொல்லணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. உனக்கு இன்னும் நாலு வருஷம்தானே சர்வீஸ்? சின்னப் பொண்ணுங்க பொழைச்சுப் போகட்டுமே."

நம்பிக் கழுத்தை நீட்டினோமே என்று அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

"நீயும்தானேடி போட்டே? என் பக்கத்துல நின்னு, அதே வார்டுல, எத்தனை ஊசி போட்டிருப்பே?"

வாயாடி, சின்னப் பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோல, அன்பாகவே சொன்னாள்:

"போட்டேன்தான். ஆனா நான் எங்கேயும் எழுதிக் குடுக்கலையேடி."