அலமாரிப் பாறை

பல் கட்டுவது அவள் பிழைப்பு. மருத்துவமனைகளிலிருந்து வரும் அச்சுகளை வைத்துக்கொண்டு, யார் வாய் என்று தெரியாமலே அந்த வாய்க்குப் பொருந்தும் பற்களைச் செய்துகொடுப்பாள். அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டும்கூட அவள் கையால் செய்தவைதான். ஒருமுறை சைக்கிளோடு போய் ஒரு மரத்தை நேருக்கு நேர் சந்தித்ததில் சொந்தப் பற்கள் போய்விட்டன. அதிலிருந்து மலைச் சைக்கிள் பந்தயக்காரர்களிடம் அவளுக்குப் 'பல்லு' என்றே பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பழசைவிடப் புதுசு வரிசையாக இருந்தது.

மலை உச்சியிலிருந்து ஒவ்வொருவராக இறக்கிவிடுவார்கள். வேரும் பாறையும் சேறுமாக ஒரு பாதை. யார் குறைந்த நேரத்தில் அடிவாரம் வந்து சேருகிறார்களோ அவருக்கு வெற்றி. வேலை பார்க்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "பயமா இருக்காதா?" என்று கேட்பார்கள். "இருக்கும். பயந்தா பிரேக் பிடிப்போம். சேத்துல பிரேக் பிடிச்சாத்தான் விழுவோம். அதனால பயப்பட நேரம் வச்சுக்கிறதில்ல" என்பாள். பெருமைக்காகச் சொல்வதில்லை. உண்மையிலேயே அவள் கணக்கு அதுதான்.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முந்தின நாள், பயிற்சிக்காகப் பாதையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நடுவழியில் ஆளுயரத்துக்கு ஒரு பாறை. மேலே தட்டை, முன்பக்கம் செங்குத்து. அலமாரி என்று பெயர். அதன் உச்சியிலிருந்து சைக்கிளோடு குதிக்க வேண்டும். குதித்த இடத்திலேயே வேர்கள் பின்னிக் கிடக்கும். அதிலேயே இடப்பக்கம் திரும்பவும் வேண்டும். எல்லோரும் பாறையின் நடுவிலிருந்து குதித்து, வேரில் வழுக்கி, காலை ஊன்றித் தட்டுத்தடுமாறிப் போனார்கள்.

அவள் விடியற்காலையிலேயே வந்து அந்த இடத்தைக் குதிகாலால் குத்திக் குத்திப் பார்த்திருந்தாள். வலது ஓரத்தில், வெட்டுப்பட்ட ஒரு மரத்தின் அடிக்கட்டையை ஒட்டி, ஒரு முழ அகலத்துக்கு மண் கெட்டியாக இருந்தது. அங்கே விழுந்தால் வேரே குறுக்கிடாது. பனிமூட்டத்தில் ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. அதன்பிறகு பயிற்சி நேரம் முழுவதும் ஒன்றும் தெரியாதவள்போலச் சைக்கிளைக் கையில் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றி நடந்தாள். பந்தய நாள் வரைக்கும் அந்த வழி அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மத்தியானம் ஒரு பெண் அலமாரியிலிருந்து தலைகுப்புற விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் போட்டி நடத்துபவர் எல்லோரையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பெண்கள் பிரிவு அலமாரி பக்கம் போகாது. பக்கத்துல ஜல்லிப் பாதை இருக்கு, அதுல சுத்தி இறங்கிடுங்க."

எல்லோருக்கும் முன்னால் எழுந்தவள் தபால்காரி. நிஜமாகவே தபால் கொடுக்கும் வேலைதான் அவளுக்கு. நடப்பு வருடப் புள்ளிகளில் முதலிடமும் அவள்தான். அவளும் பல்லுவும் பேசிக்கொள்வதில்லை. எப்போதோ ஒரு வளைவில் தபால்காரி பாதை ஓரத்தில் எல்லையாகக் கட்டியிருந்த நாடாவைத் தாண்டிக் குறுக்கே போனாள் என்று பல்லு புகார் கொடுத்தாள். நடுவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து இருவரும் எதிரெதிரே வந்தால் முகம் பார்க்காமல் ஹெல்மெட் வாரைச் சரிசெய்வார்கள்.

"காலையில ரெண்டு ஆம்பளைங்களும் அங்கதானே உருண்டாங்க? அவங்களுக்கும் ஜல்லிப் பாதைதானா?" என்றாள் தபால்காரி.

"அவங்க எழுந்து நடந்து போனாங்கம்மா. இந்தப் பொண்ணத் தூக்கிட்டுப் போனோம். அவ அம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னது நான்." அவர் முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. "காலையிலேர்ந்து நின்னு பாக்கறேன். ஒரு பொண்ணுகூட அத ஒழுங்கா இறங்கல. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

தபால்காரி உட்கார்ந்துவிட்டாள். அவளும் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் காலை ஊன்றியவள்தான்.

பல்லு பின்வரிசையில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிள் ஓட்டவே தெரியாது; அதனால் அவரிடம் மட்டும் அந்த வழியைச் சொல்லியிருந்தாள். அவள் எழப்போவதைப் பார்த்துக் கையைப் பிடித்தார்.

"அந்த ஓரத்து வழியக் காட்டப்போறியா? காட்டினா ஆளாளுக்கு அதையே பிடிச்சுக்குவாங்களே!"

"பிடிச்சுக்கட்டும். ஜல்லியில உருட்டிட்டு வந்து ஜெயிச்சேன்னு வெளிய சொல்ல முடியுமா? எனக்கே சிரிப்பு வந்துடும்." கையை விடுவித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். "சார், நான் இறங்கிக் காட்டறேன். வந்து பாருங்க."

கூடாரமே பாறைக்குக் கீழே வந்து கூடியது. கணவர் மட்டும் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் ஓட்டுவதை அவர் காதால்தான் பார்ப்பார்.

மேலே போய்ச் சைக்கிளைத் திருப்பினாள். ஏறி மிதித்தாள். அடிக்கட்டை தெரிந்ததும் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டாள். பாறையின் விளிம்பு வந்தது, போனது. இரண்டு சக்கரங்களும் ஒன்றாகக் கெட்டி மண்ணில் இறங்கின. முழங்காலை மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்து வளைந்தாள். காலை ஊன்றவில்லை. கீழே யாரோ விசில் அடித்தார்கள். கணவர் அதற்கப்புறம்தான் திரும்பினார்.

போட்டி நடத்துபவர் மண்ணில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். "நீங்க ஒருத்தர் இறங்கினா போதாதும்மா" என்றார், ஆனால் குரல் இளகியிருந்தது.

தபால்காரி பல்லுவின் முன்னால் வந்து நின்றாள். கேட்பதற்கே அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"பிரேக்க எங்க விடறீங்க?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பொய் சொல்லலாமா என்று பல்லுவுக்குத் தோன்றியது. "கட்டை கண்ணுல பட்டதும் விட்டுடுங்க. அங்க யோசிச்சீங்கன்னா போச்சு."

தபால்காரி ஏறிப் போனாள். முதல் தடவையே சுத்தமாக இறங்கினாள். அடுத்து இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. போட்டி நடத்துபவர் கையில் தயாராக வைத்திருந்த விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அலமாரி இருக்கும், ஜல்லிப் பாதையும் திறந்திருக்கும், ஆணோ பெண்ணோ விருப்பப்பட்டவர் விருப்பப்பட்ட வழியில் போகலாம் என்று அறிவித்தார். மறுநாள் ஜல்லியில் போனவர்களில் ஆண்கள்தான் அதிகம். அதைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை, அவ்வளவாக.

பந்தயத்தில் புள்ளி குறைந்தவர்கள் முதலில் இறங்குவார்கள்; பல்லு கடைசிக்கு முந்தின ஆளாக இறங்கினாள். சறுக்கல் இல்லை, தயக்கம் இல்லை. அலமாரியில் பறந்து இறங்கி, காட்டைத் தாண்டி, அடிவாரத்துச் சமவெளியில் மூச்சு வாங்க மிதித்து முடித்தபோது ஒலிபெருக்கி அவளை முதலிடம் என்றது. முன்னிலை வகிப்பவருக்கான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது அவளுக்குப் பழக்கப்பட்ட நாற்காலிதான்.

கடைசியாகத் தபால்காரி வந்தாள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் நின்றது. பல்லுவைவிடக் கண் சிமிட்டும் நேரம் முன்னால்.

வயிறு எரிந்தது. இல்லையென்று யாரிடமும் அவள் சொல்லவில்லை. கணவர் பக்கத்தில் வந்து, "அந்த வழியக் காட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க" என்று அறிவிப்புப் பலகைக்குப் போனாள். ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரம் தனித்தனியாக ஒட்டப்பட்டிருந்தது. காட்டில் அவள்தான் வேகம். அலமாரியிலும் அவள்தான். நேரம் போனது முழுக்கக் கடைசிச் சமவெளியில்.

"பாத்தீங்களா? வழியால தோக்கல, காலால தோத்திருக்கேன்" என்றாள். குரலில் தெம்பு திரும்பியிருந்தது. "காலுக்கு வழி பண்ணிக்கலாம்."

நேராகத் தபால்காரியிடம் போனாள். அவள் மேடைக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து காலணியிலிருந்து சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சமவெளியில அப்படி மிதிக்கிறீங்களே, எங்க பயிற்சி?"

"பயிற்சியா? எனக்குக் கொடுத்திருக்கிற தெரு எல்லாமே மேடு. ஒரு மூட்டைக் கடுதாசியோட தினம் சைக்கிள்ல ஏறணும்." தபால்காரி நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு நான் நாடாவத் தாண்டல."

"தாண்டினீங்க."

"சக்கரம் தாண்டிருக்கலாம். நான் தாண்டல."

பல்லுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தபால்காரியும் சிரித்தாள்.

"நாளைக்குக் கூட வரட்டுமா?"

"வாங்க. மூச்சு வாங்குதுன்னு நடுவுல நின்னீங்கன்னா நான் காத்திட்டிருக்க மாட்டேன்."

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன், பல்லு அந்த மேட்டில் மிதித்தாள். முன்னால் தபால்காரி வீடு வீடாக நின்று கடிதம் போட்டுவிட்டுப் போனாள். நிற்காமல் மிதித்தும் பல்லுவால் பிடிக்க முடியவில்லை. தொடை இரண்டும் தீயாக எரிந்தன. அடுத்த சீசன் ஆரம்பிக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. தாராளமாகப் போதும் என்று அவளுக்குப் பட்டது.