மார்னியின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

"அதை அவளால நீட்டிப் பிடிக்கக்கூட முடியாது, கார்லண்ட்."

"முடியும். என் பொண்ணு அவ."

"உன் பொண்ணா இருந்தா என்ன? ரிவால்வர் ஒண்ணே ஒரு கிலோவுக்கு மேல. அது ரெண்டு, தோல் பெல்ட், தோட்டா எல்லாத்தையும் அந்த இடுப்புல கட்டிவிட்டா, புள்ள முன்னால நடந்து போயிடும், கால்சட்டை இங்கேயே நிக்கும்."

இதைக் கேட்டு மார்னி தன் கால்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். பதினோரு வயது. இடுப்பு என்று சொல்லும்படி அவளிடம் இன்னும் எதுவும் இல்லை.

பேசிக்கொண்டிருந்த வெர்னா ப்ரூயிட் வாரத்தில் ஐந்து நாள் வில்காக்ஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பேருந்தை ஓட்டுகிறவள். சனிக்கிழமைகளில் மட்டும் கறுப்புப் பட்டுப் பாவாடையும் இறகு வைத்த தொப்பியுமாக, இடுப்பின் இரு பக்கமும் ரிவால்வர்களுடன், நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடுவாள். பழைய கௌபாய் வேஷம் போட்டுக் குறி சுடும் இந்தக் கிளப்பில் யாரும் சொந்தப் பெயரில் சுடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒருவருடையது மற்றவருக்குக் கிடையாது. வெர்னா பதிந்துவைத்திருந்தது 'மும்முறை விதவை'. அவளுடைய ஒரே கணவன் க்ளைட், முழு உயிருடன், மதிப்பெண் மேசைக்குப் பின்னால் பீச் பழம் பொதிந்து சுட்ட பலகாரம் தின்றுகொண்டிருந்தான்.

கார்லண்ட் டீக் கிணற்றுப் பம்பு பழுது பார்க்கிறவன். பட்டப்பெயர் 'புழுதிப்புயல்'. புயலாக இருந்தாலும் இன்று காலை அது அடங்கித்தான் கிடந்தது. காரணம், மார்னியின் அம்மா டெனீஸ்.

டெனீஸும் அவனும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை மார்னி அவனுடையவள். அவனுடைய சனிக்கிழமைகளில்தான் போட்டியும் வந்து தொலைத்தது. இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை அவனுடைய பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, நூலகத்துத் தடித்தடிப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தது. அவன் சுட்டு முடித்து வந்தால் நிமிர்ந்து பார்க்கும், "ஜெயிச்சியா?" என்று கேட்கும், பதில் வருவதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடும். அப்படிப்பட்டவள் போன ஜனவரியில் ஒரு நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "நானும் சுடலாமாப்பா?" என்று கேட்டாள். அன்று வீடு போகும் வழியெல்லாம் கார்லண்ட் தவறான கியரிலேயே ஓட்டினான்.

டெனீஸ் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி. ஆனா ஞாயித்துக்கிழமை குளிக்கிறப்ப அவ தோள்ல துப்பாக்கி உதைச்சு நீலமா ஒரு பொட்டு பாத்தேன்னு வை, அதோட உன் சனிக்கிழமைக்கு வேற ஏதாவது விளையாட்டுப் பாத்துக்கோ. சதுரங்கம் நல்லா இருக்கும்" என்றாள். டெனீஸ் சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் இன்று, மே மாதத்து முதல் போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, மைதானத்து ஓரத்தில் பிக்கப்பின் பின்கதவை மடக்கிப் போட்டு, அதன்மேல் ஆளாளுக்குத் துப்பாக்கிகளைப் பரப்பிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டியில் சேர ஆளுக்கு இரண்டு ரிவால்வர், ஓர் இரட்டைக்குழல், ஒரு ரைஃபிள் வேண்டும். பரப்பியிருந்தவை எல்லாம் காலித் துப்பாக்கிகள். ஒவ்வொன்றையும் மூன்று பேர் எட்டிப் பார்த்து, காலிதான் என்று சொன்ன பிறகே கீழே வைத்தார்கள்.

"பேச்சு எதுக்கு? பரீட்சை வெச்சிடலாம்" என்றாள் வெர்னா. "கண்ணு, இதை ஒத்தைக் கையில அந்த மண்மேட்டுப் பக்கமா நீட்டிப் பிடி. பிடிச்சுக்கிட்டு இன்னைக்கு வசனத்தை மூணு தடவை சொல்லு. குழல் இறங்கக் கூடாது."

ஒவ்வொரு சுற்றிலும் மணி ஒலிப்பதற்கு முன் சுடுகிறவர் ஒரு வசனம் சொல்லியாக வேண்டும். அன்றைய வசனம் க்ளைட் எழுதியது, பசியோடு எழுதியது.

"என் பன்றிக்கறியைத் தின்ற பாதகன் எவன்?" என்றாள் மார்னி. "என் பன்றிக்கறியைத் தின்ற…"

குழல் அவளுடைய பூட்ஸையே குசலம் விசாரிக்கப் போய்விட்டது.

"பழக்கம் இல்ல, அவ்வளவுதான்" என்று கார்லண்ட் அதை வாங்கிக்கொண்டான். "இங்க பாரு, இப்படி." அவன் நீட்டினான். முதல் முறை பாதகனைக் கம்பீரமாகக் கேட்டான். மூன்றாம் முறை சொல்லும்போது குழல் தந்திக் கம்பியில் உட்கார்ந்த குருவிபோல ஆடியது.

"வெயில்" என்றான்.

"வெயில் இன்னும் வரலப்பா" என்றான் க்ளைட், மேசையிலிருந்தே.

அப்போது டாக்டர் ஆரின் ஹாஸ்கல் தன் தள்ளுவண்டியுடன் வந்து சேர்ந்தார். பேரப்பிள்ளையின் பழைய குழந்தை வண்டியில் துப்பாக்கி மாட்டச் சட்டம் அடித்து வைத்திருந்தார். முன்னால் ஒரு கிலுகிலுப்பை இன்னும் தொங்கியது. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் என்பதால் பட்டப்பெயர் 'பல்வலி'.

"பாப்பாவுக்கு இது" என்று இரட்டைக்குழல் ஒன்றை எடுத்து நீட்டினார். கார்லண்டின் கிணற்றுக் குழாய் அளவுக்கு வாய் அதற்கு. "கொஞ்சம் தள்ளும். ஆனா வலிக்காது."

"முப்பது வருஷமா வில்காக்ஸ்ல எல்லார்கிட்டயும் இதையேதானே சொன்னீங்க டாக்டர்" என்றாள் வெர்னா. மார்னி அனிச்சையாக வாயைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

கடைசியில் வெர்னா தன் பெட்டியைத் திறந்து இரண்டு சின்ன ரிவால்வர்களை எடுத்து வைத்தாள். இருபத்திரண்டு என்ற ரகம், தோட்டாவிலேயே சின்னது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கிளப்பில் அது செல்லும்.

கார்லண்டின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "இருபத்திரண்டா? தகர டப்பா சுடுறதா அது! எல்லாரும் டமால் டமால்னு சுடுறப்ப என் பொண்ணு மட்டும் டப்பு டப்புன்னு…"

"நாங்க தகரம்தானேப்பா சுடப்போறோம்?" என்றாள் மார்னி.

"கொஞ்சம் தடிச்ச இரும்புத் தகடு" என்று கார்லண்ட் திருத்தினான்.

மார்னி நீட்டினாள். பன்றிக்கறி தின்ற பாதகனை மூன்று முறை விசாரித்தாள், நாலாவதாகவும் விசாரித்தாள். குழல் அசையவில்லை. பின்னால் இருக்கும் சுத்தியை இழுக்க மட்டும் கட்டைவிரல் எட்டவில்லை. "அந்தக் கைக்கு ஏன் ரெண்டு வேலை? சும்மா இருக்கிற கையோட கட்டைவிரலால இழு" என்று வெர்னா காட்டிக் கொடுத்தாள். கிளிக். கிளிக். கிளிக். தடித்த புத்தகம் ஒன்றின் முதல் பக்கத்தைத் திறக்கும்போது மார்னிக்கு ஒரு முகம் வரும். அந்த முகம் இப்போது வந்திருந்தது. கார்லண்ட் அதைப் பார்த்துவிட்டு, டப்பு என்ற சத்தமும் அப்படியொன்றும் மோசமில்லை என்று முடிவு கட்டினான்.

இரட்டைக்குழலுக்கும் கிளப் அலமாரியிலிருந்தே ஒன்று கிடைத்தது. வாய் சுண்டுவிரல் அகலம்தான். பெரியவர்கள் சுட்டால் தகடு விழ வேண்டும். மார்னிக்குப் பட்டாலே போதும் என்று க்ளைட் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"ரைஃபிள் மட்டும் யாரும் தர வேண்டாம்" என்றான் கார்லண்ட். குரலில் புயல் திரும்பியிருந்தது. "அது என் செலக்‌ஷன்."

கம்பளியைப் பிரித்தான். உள்ளே, விரல் நுழைக்கும் வளையத்தை இழுத்து இழுத்துச் சுடுகிற பழங்காலத்து ரைஃபிள். தேன் நிறத்து வால்நட் கட்டை. அந்தக் கட்டை பின்னால் போய், போய், திடீரென்று நின்றுவிட்டது.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அறுத்துட்டியா?" என்றார் மெதுவாக.

"பிள்ளை கைக்கு ஏத்த மாதிரி. அளந்துதான் அறுத்தேன், டாக்டர். முழங்கை மடிப்புலேருந்து விரல் வரைக்கும். ரெண்டு தடவை அளந்தேன்."

மார்னி தோளில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் நேராக மூக்கில் போய் உட்கார்ந்தது. ரைஃபிளைப் பிடித்திருக்கிறாளா, தும்மலைப் பிடித்திருக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"ஜனவரில சரியா இருந்துச்சே!" என்றான் கார்லண்ட்.

"அப்ப நான் நீலக் கோட்டு போட்டிருந்தேன்பா" என்றாள் மார்னி.

கார்லண்ட் வண்டிக்குப் போனான். சீட்டுக்குப் பின்னால் குளிர்காலத்திலிருந்து கிடந்த அந்தக் கோட்டை, மெத்தைபோல் உப்பிய கோட்டை, எடுத்து வந்து மகளிடம் நீட்டினான். அவளும் நல்ல பிள்ளையாகப் போட்டுக்கொண்டாள். ரைஃபிள் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அதற்குள் வெயில் நிஜமாகவே வந்துவிட்டிருந்தது.

"பாத்தீங்களா? கச்சிதம்!" என்றான் கார்லண்ட்.

"அப்பா, நான் வேகறேன்."

"போட்டி அஞ்சு சுத்துதான்டா."

"கார்லண்ட், அந்தக் கோட்டைக் கழட்டு, இல்லேன்னா டெனீஸுக்கு நானே போன் பண்ணுவேன்" என்றாள் வெர்னா.

கழற்றியாயிற்று. ஆனாலும் மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. "கட்டை குட்டையா இருந்தா என்ன ஆயிடும்? ஒண்ணும் ஆகாது. நான் சுட்டுக் காட்டுறேன்" என்று பயிற்சி மேட்டுக்குப் போனான். மார்னிக்காகக் குறைந்த வெடிமருந்தில் செய்த தோட்டாக்களை விட்டுவிட்டு, தன் முழு மருந்துத் தோட்டா ஒன்றைப் போட்டுக்கொண்டான். எல்லோரும் காதை மூடினார்கள். அவன் சுட்டான். ரைஃபிள் பின்னால் வந்தது. கட்டைவிரலும் கூடவே வந்தது. மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

திரும்பி வந்தபோது கண்ணில் நீர் நின்றது. "ஒண்ணும் ஆகல" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

டாக்டர் மூக்கை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். "உடையல. வலிக்குதா?"

"வலிக்குது!"

"வலிக்காது" என்றார் டாக்டர்.

கார்லண்ட் பின்கதவின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். ரைஃபிள் இல்லாமல் போட்டியில் சேர முடியாது. வேறு யாருடையதைக் கொடுத்தாலும் நீளம் அதிகம்; கட்டை தோளை விட்டு நழுவிக் கையில் இடிக்கும், நீலம் போடும். போட்டி தொடங்க இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. மார்னி வண்டியின் முன்பக்கம் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று நினைத்தான். இனி மூக்கு வலித்தால் என்ன, வலிக்காவிட்டால் என்ன.

அவள் கையில் ஒரு மரத்துண்டுடன் திரும்பி வந்தாள். தேன் நிறம். மூன்று விரல் கனம்.

"இதுதானேப்பா நீ அறுத்தது? டாஷ்போர்டுல கிடந்துச்சு. இதுமேலதான் புத்தகத்தைச் சாய்ச்சு வெச்சுப் படிப்பேன். முழுசா வேணாம், பாதியை மட்டும் திரும்ப ஒட்டினா எனக்குச் சரியா வராது?"

பம்பு பழுது பார்க்கிறவனின் வண்டியில் ரம்பம் இல்லாமலா போகும்? துளைக் கருவியும் நீளமான இரண்டு திருகாணியும்கூட இருந்தன. டாக்டர் ரைஃபிளை மடியில் கிடத்திக்கொண்டு, "அசையாம இரு, இதோ ஆச்சு" என்று அதனிடம் பேசிக்கொண்டே அவரே துளை போட்டார். அப்படியொரு நேரான துளையைக் கார்லண்ட் வாழ்நாளில் போட்டதில்லை. மீதிப் பாதித் துண்டை மார்னி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அடுத்த வருஷத்துக்கு" என்றாள். கார்லண்ட் மூக்கைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பட்டப்பெயர்?" என்றான் க்ளைட், பேனாவை எடுத்துக்கொண்டு. "எழுதினாத்தான் சுட முடியும்."

மார்னி யோசிக்கவே இல்லை. இரண்டு வருஷமாக யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

அவள் முறை வந்தபோது க்ளைட் எழுந்து நின்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்: "அடுத்தது, 'சத்தம் போடாதே'!" பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த நாலு பேர் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

பாதகனை விசாரித்தாள். மணி ஒலித்தது. டப்பு, டப்பு, டப்பு. கார்லண்டுக்கு அவள் தோளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ரைஃபிள் அவள் தோளில் பூனைபோல ஒண்டிக்கொண்டது. மொத்தம் தொண்ணூற்றெட்டு விநாடி, மூன்று குறி தவறு. அந்தச் சுற்றில் சுட்டவர்களிலேயே கடைசி. வெர்னா அதே சுற்றை முப்பத்தோரு விநாடியில் முடித்திருந்தாள். ஆனால் தோட்டா தீர்ந்த பிறகும் மார்னி அந்த முதல் பக்கத்து முகத்தோடு அங்கேயே நின்றாள். துப்பாக்கியைக் காலி செய்யும் மேசைக்குப் போகும்படி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்து சுற்றும் முடிந்து, ரொட்டியில் சுருட்டிய பரிட்டோ தின்றுகொண்டிருந்தபோது டெனீஸின் வீடியோ அழைப்பு வந்தது. ஞாயிறு வரை காத்திருக்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தோளைக் காட்டு."

மார்னி காலரை இழுத்துக் காட்டினாள். வெயிலில் பூத்த புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லை. டெனீஸ் திரைக்குள்ளிருந்து நெருங்கி வந்து பார்த்தாள்.

"அந்தத் தோள்?"

அதையும் காட்டினாள்.

"சரி. உங்கப்பாவைக் காட்டு."

போன் திரும்பியது. கார்லண்ட் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டான், ஆனால் எந்தத் தொப்பிக்கும் அந்த மூக்கு அடங்கவில்லை. முற்றிய கத்தரிக்காய் நிறம்.

"மூக்குக்கு என்ன ஆச்சு?"

"சுவத்துல இடிச்சுக்கிட்டேன்."

"இங்க சுவரே இல்லீங்க" என்றான் க்ளைட், உதவும் எண்ணத்துடன்.

டெனீஸின் உதட்டோரம் என்னவோ துடித்தது. சிரிப்பா, வேறா என்று கண்டுபிடிக்கும் திறமையைக் கார்லண்ட் மூன்று வருஷத்துக்கு முன்பே இழந்துவிட்டிருந்தான். அதற்குள் மார்னி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, அடுத்த சனிக்கிழமை உன்னோடதுன்னு தெரியும். ஆனா அன்னைக்கு டூம்ஸ்டோன் ஊர்ப் பக்கத்துல ஒரு போட்டி இருக்காம். வெர்னா ரிவால்வர் தரேன்னு சொல்லிட்டாங்க. நான் போகட்டுமா? நீயும் வாயேம்மா. உனக்குப் போரடிச்சா வண்டிக்குள்ள உக்காந்துக்கலாம். புத்தகம் நான் தரேன், சாய்ச்சு வெக்கக் கட்டையும் இருக்கு."