விலை படிந்த கிட்டார்

பெரிய மார்க்கெட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம், கிராக்கி எவ்வளவு திட்டினாலும் பல்லைக் காட்டத்தான் மகன் ஹாதியைப் பழக்கியிருந்தார். ஹாதி விழுங்கிய கத்தலையெல்லாம் ஹெவி மெட்டல் பாடகர்கள்தான் அவனுக்காகக் கத்தித் தீர்த்தார்கள்.

அவன் பிளஸ் ஒன்னில் கோட்டை விட்டதும், அவனுடைய எலெக்ட்ரிக் கிட்டாரை அத்தா கடை வாசலில் விற்பனைக்கு மாட்டிவிட்டார். மறுநாளே ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார்.

“குடுக்காதீங்க அத்தா! அது போச்சுன்னா நான் செத்துருவேன்!” கடை அதிர, பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கத்தினான் ஹாதி.

வந்தவர் அசந்துபோனார். “பையனை நல்லாத்தான் தயார் பண்ணியிருக்கீங்க பாய்! சரி, நீங்க சொன்ன விலையே தர்றேன்.”

அத்தாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஹாதியோ கிட்டாரைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

“போதும்டா,” என்று அவன் காதோடு சொன்னார் அத்தா, “விலை படிஞ்சிடுச்சு.”