எழுபத்திரண்டுக்குக் கீழே

அக்கா எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டபோது, டிரைவர் அதைக் குறுக்கு வழி என்றுதான் நினைத்தான். முப்பது வருஷமாக ஏறிய சதையை டாக்டர் ஒரே காலையில் இறக்கிவைத்துவிடுவார், அப்புறம் உடம்பு தன்பாட்டுக்கு இளைத்துக்கொண்டே போகும், இதில் இவள் செய்ய என்ன இருக்கிறது என்று மாமாவிடம் வாய்விட்டே சொன்னான். மாமா, அதாவது அக்காவின் கணவர், லிப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவர். அன்றும் செலவழிக்கவில்லை.

டிரைவர் இருபது வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவன். அக்கா அவனைவிட ஏழு வயது மூத்தவள், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. நானூறு பேருக்குச் சமைக்கிற கை. அப்போது நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தாள். முழங்கால் இரண்டும் போய், அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் கரண்டி பிடிப்பாள். அவள் இவன் பஸ்ஸில் ஏறினால் போதும், "எங்கக்காவுக்கு டபுள் டிக்கெட் கிழிங்க" என்று கண்டக்டருக்குக் குரல் கொடுப்பான். பஸ்ஸே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள், மற்றவர்களைவிடச் சத்தமாக. அதனால் அவன் நிறுத்தவேயில்லை.

வயிற்றில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய் என்று அக்காவே விரலை நீட்டிக் காட்டினாள். ஒன்றரை வருஷத்தில் டாக்டர் குறித்துக் கொடுத்த எழுபது கிலோவுக்கு வந்து நின்றாள். ஸ்டூல் கேன்டீன் மூலைக்குப் போனது. டிரைவர் சந்தோஷப்பட்டான், டபுள் டிக்கெட் பொருந்தாது என்று கைவிட்டான், பிறகு அந்த விஷயத்தையே மறந்துபோனான்.

நாலு வருஷம் ஓடியது. லைசென்ஸ் புதுப்பிக்கச் செய்த ரத்தப் பரிசோதனையில், அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கிட்டத்தட்ட முடிந்துபோயிருப்பது தெரிந்தது. பல வருஷ ரத்தக் கொதிப்பு. இவன் அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டியிருக்கிறான். ஸ்டீயரிங் கையை விட்டுப் போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மடக்குக்கூடக் கூடாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஒற்றை அறையில் இருந்தவனின் பெட்டியை மாமா வந்து தூக்கிக்கொண்டு போனார். "நம்ம வீட்டுல இரு" என்றார். அன்றைக்கு அவர் செலவு அது மட்டும்தான்.

சிறுநீரகம் கொடுக்க அக்கா தானாக முன்வந்தாள். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. கிட்னி டாக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. எடை மட்டும்தான். போன வருஷம் அறுபத்தொம்பது இருந்திருக்கீங்க. இப்ப எழுபத்தாறு."

அக்கா தரையைப் பார்த்தாள். டிரைவருக்குத்தான் குழப்பம். "வயித்தையே வெட்டி எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எப்படி ஏறும்?"

"மிச்சம் இருக்கிற வயிறும் கொஞ்சம் கொஞ்சமா விரியும் சார். முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் பசி அடங்கிக் கிடக்கும், பிறகு திரும்பி வந்துடும். அதுக்கப்புறம் எடையைப் பிடிச்சு நிறுத்துறது அவங்க பாடு. நிறைய பேருக்குத் திரும்ப ஏறிடுது. இவங்க நாலு வருஷம் நிறுத்தி வெச்சிருந்தாங்களே, அதுதான் பெரிசு." டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இனிமே ஒத்தை கிட்னியோட காலம் பூரா இருக்கப் போறீங்க. சர்க்கரை எட்டிப் பார்க்கக் கூடாது. எழுபத்திரண்டுக்குக் கீழ வந்து, மூணு மாசம் அங்கயே நில்லுங்க. பட்டினி கிடந்து குறைச்சா ஒத்துக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் டிரைவர், "எனக்காக இதெல்லாம் வேண்டாம்க்கா" என்றான்.

"பேசாம வா. பஸ் வருது பாரு."

ஒரே வீட்டில் இருந்ததால் அதற்குப் பிறகுதான் அவன் அக்காவைப் பார்க்க ஆரம்பித்தான். அதுவரை பார்த்ததெல்லாம் பார்வையே இல்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டான்.

சின்னக் குழந்தைக்கு வைக்கிற தட்டு. குழந்தைக்கு ஊட்டுகிற கரண்டி. முதலில் முட்டையோ மீனோ பருப்போ, அப்புறம் காய், இடம் மிஞ்சினால்தான் இரண்டு கரண்டி சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. பாட்டில் கைக்கு எட்டாமல் ஜன்னலில் இருக்கும். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் அதன் பக்கம் போவாள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுவாள். நடுவில் திடீரென்று ஒரே ஒரு தும்மல் வரும். வந்ததும் கரண்டியை வைத்துவிடுவாள், அதில் பாதி வாய் மிச்சம் இருந்தாலும்.

"அது என்னக்கா தும்மல்?"

"வயிறு ரொம்பிடுச்சுன்னு மணி அடிக்குது. அதுக்கு மேல ஒரு வாய் போட்டா நெஞ்சு அடைச்சு எல்லாம் வெளியே வந்துடும்."

பிறகு வரிசையாக மாத்திரைகள், ஒரு நாள் தவறாமல். பிறகு நடை. அப்புறம் கேன்டீன்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் வீட்டுச் சாவி வாங்க அவன் கேன்டீனுக்குப் போனான். முதல் பந்திக்கு முந்திய நேரம். ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாக்கள், ஆவி, எண்ணெய் காய்கிற வாசனை. அவனுக்கே நாக்கில் நீர் ஊறியது. அக்கா அண்டா அண்டாவாகப் போய் ஒரு சொட்டு நாக்கில் விட்டு, கண்ணை மூடி, "உப்பு கம்மி" என்பாள். உடனே திரும்பித் தொட்டியில் துப்பி வாயைக் கொப்பளிப்பாள். அடுத்த அண்டா. மறுபடி தொட்டி. பசியோடு வேலை செய்கிற ஒருத்தி, மலை மாதிரிச் சாப்பாட்டுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கிறாள். டிரைவர் பரிமாறும் ஜன்னலைப் பிடித்தபடி மலைத்துப்போய் நின்றான்.

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உதவிச் சமையல்காரி சொன்னாள்: "நாலு வருஷமா இப்படித்தான். ருசி பார்த்ததை முழுங்கி நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் கொஞ்சம்..." சட்டென்று நிறுத்தி, வெங்காயத்தை மும்முரமாகப் பார்த்தாள்.

அந்த 'கொஞ்சம்' என்ன என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி அலமாரியைத் திறந்தவனுக்குச் சுருட்டிக் கட்டிய பழைய காலண்டர்கள் அகப்பட்டன. ஒவ்வொரு திங்கட்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் ஒரு எண். 69.2. 68.8. 70.1. 69.5. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினான். நாலு வருஷத்தில் ஒரு திங்கள்கூட வெற்றாக இல்லை. அப்பா இறந்துபோன வாரம் 70.9. அதற்கு அடுத்த வாரம் 70.2. மாமா கால் ஒடிந்து படுத்திருந்த மாதம் முழுக்க 69க்கும் 70க்கும் நடுவில். கயிற்றின்மேல் நடக்கிறவள் மாதிரி, இந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் ஒரு அடி. யாரும் பார்க்கவில்லை, யாரும் கை தட்டவில்லை. கடைசிக் காலண்டரில், இவனுக்கு ரத்தப் பரிசோதனை நடந்த வாரம் 70.6. முதல் டயாலிசிஸ் வாரம் 71.8. பிறகு 73, 74, 75. தன் வியாதி அக்காவின் உடம்பில் ஏறியதை அவன் கட்டம் கட்டமாகப் படித்தான். டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவளின் மடியில் பிஸ்கட் பாக்கெட் இருந்ததும் அவனுக்கு இப்போதுதான் நினைவில் தட்டியது.

கதவருகே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இதெல்லாம் சொல்லவே இல்ல?"

"என்னத்தைச் சொல்றது? காலையில பல்லு விளக்கினேன்னு ஊர்ல யாராவது சொல்லிக்கிட்டுத் திரிவாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பஸ்ல நான் உன்னை டபுள் டிக்கெட்னு..."

"அதுக்கென்ன இப்போ." அக்கா காலண்டர்களைச் சுருட்டினாள். அலமாரியில் வைத்தபடி, "உன் பஸ் வந்தா விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்னிருக்கேன். நிறைய நாள்" என்றாள். குரலில் கோபம் ஏதும் இல்லை. அதனாலேயே அது அவனைத் தைத்தது.

எடை இறங்கியது. 75.1, 74.4, 73.6. பிறகு 73.4இல் வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு திங்கட்கிழமை அசையவில்லை. டிரைவர் ஒவ்வொரு முறையும் எடை மிஷின் பக்கத்தில் போய் நின்றான். அக்கா எண்ணை எழுதிவிட்டுக் கேன்டீனுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் ஒரு பிற்பகல் அவன் சமையலறைக்குள் போனபோது அக்கா நின்றபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பாக்கெட் கிழிந்து கிடந்தது. அவனைப் பார்த்தும் மறைக்கவில்லை. கையில் இருந்ததை மேடைமேல் வைத்தாள்.

"நாலு தின்னுட்டேன்."

உடனே போனை எடுத்து ஆஸ்பத்திரி உணவு ஆலோசகருக்கு அடித்தாள். "மேடம், நாலு பிஸ்கட் சாப்பிட்டேன். நின்னுக்கிட்டு. இந்த வாரத்துல மூணாவது தடவை."

ஆயுசு முழுக்க டாக்டர்களிடம் பொய் சொன்னவன் டிரைவர். மாத்திரை போட்டீங்களா என்றால் போட்டேன் என்பான். உப்பைக் குறைச்சீங்களா என்றால் குறைச்சேன் என்பான். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சிறுநீரகம் போனது. இவள் கேட்காமலே சொல்கிறாள்.

மறுமுனையில் அதட்டல் இல்லை. "காலையில இருந்து என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்விதான் வந்தது. யோசித்துப் பார்த்தால், டயாலிசிஸ் நாட்களில் அக்கா காலை ஏழு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடுவதில்லை. "பட்டினி கிடக்கிறதாலதான் பிஸ்கட் ஜெயிக்குது. வேளைக்குச் சாப்பிடுங்க" என்றார் அந்த அம்மா.

மறுநாளிலிருந்து மாமாவின் கருவிப் பையில், ஸ்பேனர்களுக்கு மேலே ஒரு டப்பா இருந்தது. பத்து மணிக்கு எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றிருந்தாலும் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து, வேகவைத்த முட்டையையும் பருப்பையும் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவார்.

72.7. 71.9. 71.2. பிறகு பன்னிரண்டு திங்கட்கிழமைகள், ஒன்றுகூட எழுபத்திரண்டைத் தொடவில்லை. டாக்டர் காலண்டரையே வாங்கிப் பார்த்தார். ஆபரேஷன் தேதியைக் குறித்தார்.

கண் விழித்தபோது டிரைவருக்கு முதலில் தெரிந்தது கட்டிலோரம் தொங்கிய பை. அதில் இளமஞ்சளாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. "ஆபரேஷன் மேஜையிலயே யூரின் ஓட ஆரம்பிச்சுடுச்சு" என்றாள் நர்ஸ். எட்டு மாதமாகச் சொட்டு வராமல் கிடந்த உடம்பு. நேற்றுவரை இன்னொரு ஆளுக்குள் இருந்த, கைக்குள் அடங்குகிற ஒரு சதைத் துண்டு, இடம் மாறியதுகூடத் தெரியாதது போல வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தது. நர்ஸ் முழு டம்ளர் தண்ணீரை நீட்டி, "எவ்வளவு வேணும்னாலும் குடிங்க, குடிச்சாத்தான் நல்லது" என்றாள். அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் அக்கா மாமாவின் கையைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். பையைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னோடதா?"

"உன்னோடதுதான்க்கா."

"பரவாயில்லயே, நல்லா உழைக்குதே."

இருவரும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் டிரைவரும் நினைத்தான். ஆனால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றுக்கு வேறொரு குணம் இருந்தது. ஆறாவது வாரம் அவனுக்குப் பசி வந்தது. பசி என்று அவன் இதுவரை நினைத்திருந்ததெல்லாம் பசியே அல்ல. காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் குடல் சுருண்டது. சாப்பிட்டால் அடங்கவில்லை, சாப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முகம் உப்பியது. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ.

ஒரு நாள் முற்பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன் நின்றான். அக்காவுக்குப் போன் அடித்தான்.

"பசிக்குதுக்கா."

"எங்க நிக்கிறே?"

"அலமாரி முன்னாடி."

"கதவைச் சாத்து. செருப்பைப் போட்டுக்கிட்டுத் தெருவுல இறங்கு. போனை வைக்காதே, நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

அவன் இறங்கினான். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். முக்குக் கடை திறந்திருக்கா? எத்தனாம் நம்பர் பஸ் போகுது? ஓட்டுறது யாரு? அவன் பார்த்துப் பார்த்துச் சொன்னான். அவள் பக்கம் அண்டாவில் கரண்டி மோதுகிற சத்தமும், யாரோ உப்பு கேட்கிற சத்தமும் கேட்டன. இரண்டு பஸ் ஸ்டாப் தாண்டியபோது பசி போகவில்லை. ஆனால் ஓர் அடி பின்வாங்கியிருந்தது.

"இது எத்தனை நாளைக்குக்கா?"

"மாத்திரையைக் குறைப்பாங்கல்ல, அப்ப உனக்குக் குறைஞ்சுடும்."

உனக்கு. டிரைவர் நடுத்தெருவில் நின்றுவிட்டான். போனின் மறுமுனையில் நானூறு பேருக்கான சாப்பாடு கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னடா, நடக்கிறியா இல்லியா?" என்றாள் அக்கா.

"நடக்கிறேன்க்கா" என்றான்.