மாப்பிள்ளையின் கைப்பட்டி

பச்சைப் பட்டியொன்றை அப்புத்துரையின் வலது மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றி ஒட்டிவிட்டு, வழிகாட்டிப் பொடியன் தன் போனைப் பார்த்து, "சிவகரன். சரிதானே அங்கிள்?" என்று கேட்டான்.

"அது மருமோன்ர பேர் தம்பி. ஆள் இன்னும் வரேல்லை."

"பரவால்ல அங்கிள். ரெண்டு பேருக்குப் பதிஞ்சிருக்கு, ரெண்டு பட்டி. அவரு வந்தா வேற ஒண்ணு கட்டிக்கலாம். அதுவரைக்கும் நீங்கதான் சிவகரன்."

கௌசலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓமெண்டு சொல்லுங்கோ அப்பா."

"ஓம்," என்றார் அப்புத்துரை.

பட்டி பார்வைக்குக் காகிதம் போல இருந்தது. ஆனால் இழுத்தாலும் நனைந்தாலும் கிழியாத சாமானாம். கழற்றுவதென்றால் கத்தரிக்கோல்தான் வேண்டும் என்று கோகுலன் சொன்னான். அதுதான் அந்தப் பொடியனின் பெயர். மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. கையில் ஒரு சின்னப் பச்சைக் கொடி வைத்திருந்தான். அவனைச் சுற்றிப் பன்னிரண்டு பதின்மூன்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக் காற்சட்டையும் செருப்புமாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் மயில் நீலச் சேலையும் கனகாம்பர நிறச் சட்டையுமாகக் கௌசலா நின்றாள். தன் தம்பியின் சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டு வந்திருந்த அப்புத்துரையின் குதிக்கால் ஏற்கெனவே உரிந்து போயிருந்தது.

அவர்கள் வட்டக்கச்சியிலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் ஒரு சின்ன முருகன் கோயிலில் கௌசலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிவகரன் சுவிசில் இருக்கிறவன். அகதியாக ஏற்றுக்கொண்டு அந்த நாடு கொடுத்த கடதாசியோடு அவன் இலங்கைக்குள் கால் வைக்க முடியாது. அதனால் பெண் ஒரு பக்கத்தாலும் மாப்பிள்ளை ஒரு பக்கத்தாலும் புறப்பட்டு, இருவருக்கும் சொந்தமில்லாத ஊரொன்றில் சந்தித்துத் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். வட்டக்கச்சியில் இது புதினமில்லை. அங்குள்ள பாதி வீடுகளின் கல்யாணப் படங்களில் பின்னால் நிற்பது யாரும் பெயர் அறியாத கோயில்தான். வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் கௌசலாவோடு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமென்று சிவகரன் போன மாதமே இந்தப் பயணத்தைப் பதிந்து அவளுடைய போனுக்கு அனுப்பியிருந்தான். உயரக் கட்டடங்களைக் காட்டுகிற பஸ் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். முதலாவது கதவுக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் விஷயம் வெளித்தது.

"இது ஊர் காட்டுறதில்லையோ தம்பி?" என்று அப்புத்துரை கேட்டார்.

"ஊருதான் அங்கிள். நடந்தே நாலு பார் போவோம். நாலாவது முடியறதுக்குள்ள ஊரு தன்னால தெரிஞ்சிடும் லா."

"தவறணை தவறணையாக் கூட்டிக்கொண்டு போறதுக்கும் ஒரு வழிகாட்டியோ? எங்கட சிற்றம்பலம் இதைக் கேட்டானெண்டால் நாளைக்கே கொடியோட வெளிக்கிட்டிடுவான்."

கௌசலா மறுபடியும் சிரித்தாள். அப்புத்துரை அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சிவகரன் வரமாட்டான். அது அவருக்குக் காலையிலேயே தெரியும்.

காலையில் கௌசலா குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய போன் அடித்தது. "மாமா, கௌசலா பக்கத்தில நிக்கிறாவோ?" என்று சிவகரன் கேட்டான். இல்லையென்றார். பிறகு அவன் கதைத்ததில் பாதி அழுகையாக இருந்தது. "நான் வரேல்லை மாமா. இஞ்ச ஒரு ஆளோட இருக்கிறன். பிள்ளையும் ஒண்டு இருக்கு. அம்மாவுக்காகத்தான் இதுக்கு ஓமெண்டனான். கடைசி மட்டும் வரலாமெண்டுதான் நினைச்சன். ஏலாமல் கிடக்கு. நீங்களே அவவிட்டச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லுற துணிவில்லை." அப்புத்துரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் குளியலறைக்குள் கேட்டிருக்கும். அவள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, "ஆர் அப்பா போனில?" என்றபோது அவர் வாயில் வந்தது வேறு கதை. விமானம் பிந்திவிட்டதாம், இடையில் டுபாயில் நிற்கிறானாம், அவனுடைய போனில் சார்ச் இல்லையாம், பின்னேரம் நேரே ஊர் சுற்றுகிற இடத்துக்கே வந்துவிடுவானாம். அறுபது வயதுவரை அந்தப் பிள்ளைக்கு ஒரு பொய்யும் சொல்லியறியாத மனிதன் சொன்ன பொய். அதனால் அவள் ஒரு சொல்லும் திருப்பிக் கேட்காமல் நம்பிவிட்டாள். சேலையை எடுத்து விரித்து, சுருக்குப் பிடித்துத் தரச்சொல்லி அவரையே பிடிக்க வைத்தாள்.

முதலாவது இடத்தில் பாட்டுச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. எல்லாருக்கும் ஆளுக்கொரு சின்னக் கிளாசில் மஞ்சளாக எதையோ ஊற்றிக் கொடுத்தார்கள். அப்புத்துரை தன்னுடையதைப் பக்கத்தில் நின்ற தாடிக்கார ஜெர்மன்காரனின் முன்னால் தள்ளிவிட்டார். கௌசலா தோடம்பழச் சாறு வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் தன் கைப்பையை வைத்தாள். யாராவது இருக்க வந்தால், "ஆள் வருகுது," என்று தமிழிலேயே சொன்னாள். பைக்குள் தாய் விமலேஸ்வரி மருமகனுக்கென்று செய்து அனுப்பிய பயத்தம் பணியாரப் பொதி இருந்தது. வயல் வெட்டு நேரமென்பதாலும் முழங்கால் நோவாலும் அவள் ஊரிலேயே நின்றுவிட்டாள். "மருமோன் கண்டவுடன முதல் இதைத்தான் சாப்பிட வேணும்," என்று சொல்லித்தான் பொதியைக் கட்டினாள்.

அப்புத்துரை குடிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அது வட்டக்கச்சி முழுவதற்கும் தெரிந்த காரணம். மூன்று வருடத்துக்கு முன்புவரை பின்னேரமானால் அவரைத் தவறணையில்தான் தேட வேண்டும். சம்பந்தம் பொருந்திய அன்று நாகதம்பிரான் கோயிலுக்குப் போய், கிணற்றில் முழுகி, ஈர வேட்டியோடு நின்று, "பிள்ளையின்ர கழுத்தில தாலி ஏறுமட்டும் கள்ளும் தொடன், சாராயமும் தொடன்," என்று நேர்ந்துகொண்டார். தவறணைக்கு முன்னால் சைக்கிளில் போகும்போது சிற்றம்பலம், "அப்புத்துரையர், கொஞ்சம் மணந்து பாத்திட்டாவது போங்கோவன், மணத்துக்கு நேர்த்தியில்லைத்தானே," என்று கூப்பிடுவான். அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் கௌசலா படலையடியில் மறித்து, "எங்க, ஊதுங்கோ பாப்பம்," என்பாள். அவர் ஊதிக் காட்டுவார். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகி, மூன்று வருடமாக ஒரு நாளும் தவறாமல் நடந்துவந்தது.

"நேரமாச்சு, அடுத்த எடம் போவோம்," என்று கோகுலன் கொடியைத் தூக்கினான். வாசலில் நின்று ஆட்களை எண்ணுவதற்காக ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். "சிவகரன்?"

"ஓம்."

தெருவில் மழை தூறிவிட்டு ஓய்ந்திருந்தது. நடந்துகொண்டு போகும்போது சொல்லிவிடலாமென்று அப்புத்துரை நினைத்தார். "பிள்ளை" என்று தொடங்கியும் விட்டார். "என்னப்பா, கால் நோகுதோ?" என்று அவள் குனிந்து அவருடைய சப்பாத்தைப் பார்த்தாள். அவருக்குச் சொல்ல வந்தது போய்விட்டது.

இரண்டாவது இடத்தில்தான் கோகுலன் அந்த வேலையைச் செய்தான். பாவம், நல்ல மனத்தோடுதான் செய்தான். கௌசலா ஏன் அடிக்கடி வாசலைப் பார்க்கிறாள் என்று விசாரித்து அறிந்துகொண்டு, ஒரு கதிரையில் ஏறி நின்று, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை விமானத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார் என்று எல்லாருக்கும் இங்கிலிசில் அறிவித்தான். கடையே கைதட்டியது. ஆஸ்திரேலியாக்காரப் பெண்ணொருத்தி தன் தலையிலிருந்த கடதாசிப் பூவைக் கழற்றிக் கௌசலாவின் கொண்டையில் குத்திவிட்டாள். மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஷிவா, ஷிவா," என்று சொல்லி எல்லாரும் கிளாசை உயர்த்தினார்கள். கௌசலாவின் முகம் அப்படி மலர்ந்து அப்புத்துரை முன்பு கண்டதில்லை. முப்பத்துநான்கு வயது. கடைசிச் சண்டைக் காலத்தில் முழங்கைக்கு மேலே பட்ட ஷெல் பீஸ் சதையைக் கொஞ்சம் கொண்டுபோய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வரமாட்டார்கள். சிவகரன்தான் போனில் அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, எனக்கு முதுகில இருக்கு," என்று சொன்னவன். அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்துபோனாள்.

போன் அடித்தது. விமலேஸ்வரி. அப்புத்துரை வெளியே வந்து எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, மருமோன் வந்திட்டாரோ?"

"வாற வழியில நிக்கிறார்."

"ஆக்கள் கத்துற சத்தம் கேக்குது. எங்க நிக்கிறியள்?"

"ஊர் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

"பக்கத்து வீட்டுக் கமலாட்சியக்காவும் இஞ்சதான் இருக்கிறா. மாப்பிள்ளையும் பொம்பிளையும் சேந்து நிக்கிற முதல் படத்தை உடன அனுப்பச் சொல்லுறா. பிள்ளை சேலையோ உடுத்திருக்கிறாள்?"

"ஓம். நீலச் சேலை."

"பாருங்கோ, கண்ணூறு படப்போகுது. வந்து சுத்திப்போட வேணும்," என்று விமலேஸ்வரி சிரித்தாள். அவளுக்குப் பின்னால் மாட்டுக்கன்று கத்தியது. அப்புத்துரை போனை நிறுத்திவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவன் செய்த காரியத்தை ஏன் தன் வாய் சொல்லவேண்டும் என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரமும் நிலைக்கவில்லை. வேறு எவர் வாயால் அவள் கேட்பது? உள்ளே திரும்பிப் பார்த்தார். கௌசலா கண்ணாடிக் கதவில் தன் உருவத்தைப் பார்த்து, சட்டைக் கையைத் தழும்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது இடம் அவ்வளவு சத்தமில்லாதது. பின்பக்கத்தில் சின்ன முற்றமும் மர வாங்குகளும் இருந்தன. அவர்கள் இருவரும் ஒரு மூலையில் இருந்தார்கள். கைப்பை மறுபடியும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கும் சின்னக் கிளாஸ் வந்தது. இங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அப்புத்துரை முடிவெடுத்தார். சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியும் வைத்துக்கொண்டார்.

"அப்பா," என்றாள் கௌசலா, அவர் வாயைத் திறக்குமுன். "அவர் என்னைக் கண்டுபிடிப்பாரோ?"

"ஏன் பிள்ளை?"

"போனில தெரியிற முகம் வேறயாம். தயாளினி சொன்னவள், தன்ர மனுசன் விமான நிலையத்தில தன்னைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்தவராம்." கொஞ்ச நேரம் கிளாசின் விளிம்பைத் தடவினாள். "இந்தப் பூ தலையில இருந்தால் மாறி விளங்கிப்போடுவாரோ தெரியாது. கழட்டட்டோ?"

அப்புத்துரை அடுக்கி வைத்திருந்த சொற்கள் சரிந்தன. கழற்று என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அவர் வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். அங்கே அந்த மஞ்சள் கிளாஸ் இருந்தது. பட்டி கட்டிய கையால் அதை எடுத்தார். ஊரில் செய்கிறமாதிரி ஒரு விரலைத் தோய்த்து இரண்டு துளியை நிலத்தில் சுண்டினார். பிறகு ஒரே மடக்காக விழுங்கினார். மூன்று வருடம் காய்ந்து கிடந்த தொண்டையில் அது நெருப்பாக இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது குடியால் வந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கிளாசை வைத்தபிறகுதான் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

கௌசலா வெறும் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவைக் கழற்றப் போன கை காதடியில் அப்படியே நின்றது. யாரோ பக்கத்து மேசையில் பெரிதாகச் சிரித்தார்கள். அவள் உதடு ஒருமுறை அசைந்தது. ஊதுங்கோ பாப்பம் என்று சொல்லப்போகிறாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. எப்போது, ஏன், யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. காதடியில் நின்ற கையை மெதுவாக இறக்கினாள். பக்கத்துக் கதிரையிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துப் பொதியை அவிழ்த்தாள். ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்து, வெறும் கிளாசுக்குப் பக்கத்தில், அவர் முன்னால் வைத்தாள்.

"வெறும் வயித்தில குடியாதேங்கோ அப்பா."

அவர் அதை எடுத்துக் கடித்தார். மா வாயில் ஒட்டிக்கொண்டு விழுங்க வரவில்லை. அவள் தானும் ஒன்றை எடுத்தாள். கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கடதாசிப் பூ கொடுத்த பெண் வந்து இனிப்பா என்று சைகையால் கேட்க, பொதியை அப்படியே அவளுடைய கையில் கொடுத்தாள். பணியாரம் மேசைக்கு மேசை போனது. ஜெர்மன்காரன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

கடைசி இடத்துக்குப் புறப்படும்போது கோகுலன் வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிட்டான். "கௌசலா?" அவள் கையை உயர்த்தினாள். "சிவகரன்?"

அப்புத்துரை வாயைத் திறந்தார். மா ஒட்டிய நாக்கு எழும்பவில்லை.

"சிவகரன்?" என்று கோகுலன் மறுபடியும் கூப்பிட்டான். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டான்.

"அவர் வரேல்லை," என்றாள் கௌசலா.

பொடியனின் சிரிப்பு போய்விட்டது. தகப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க மெதுவா வாங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாடிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனார்கள். நனைந்த தெருவில் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக நீண்டு கிடந்தன. ஆட்கள் நடக்க நடக்க அவை உடைந்து உடைந்து சேர்ந்தன. பச்சைக் கொடி மூலையில் திரும்பி மறைந்தது.

இருவரும் ஒரு கடை வாசலின் கூரைக்குக் கீழே நின்றார்கள். அப்புத்துரையின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. யாரென்று இருவருக்கும் தெரியும். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"இஞ்ச தாங்கோ," என்று கௌசலா அவருடைய வலது கையைப் பிடித்தாள். பச்சைப் பட்டிக்குள் விரலை விட்டு இழுத்தாள். வரவில்லை. நகத்தால் கீறினாள். கீறும் விழவில்லை. பிறகு தையல் முடிந்ததும் நூல் அறுக்கிறமாதிரிக் குனிந்து, தகப்பனின் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய்ப் பட்டியைப் பல்லில் கடித்தாள். கொண்டையிலிருந்த கடதாசிப் பூ அவருடைய நெஞ்சில் உரசியது. அவள் மூச்சு சூடாக வந்து அவர் கையில் பட்டது, பிறகு ஈரமும் பட்டது. அவர் மற்றக் கையை அவள் தலையில் வைத்துக்கொண்டு, கையை அசைக்காமல் நின்றார். அவளுடைய பற்களுக்கிடையில் பட்டி இழுபட்டு நீண்டது. அறவில்லை.